தண்டவாளத்தில் பெடல் மிதித்து ஒரு பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் தென்கொரியாவில் பணிபுரிகிறான். வரும் அக்டோபரில் நானும் என் கணவரும், எழுபது வயதைக் கடந்த என் அக்காவும் அங்கே சென்று மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன் ஆகியோருடன் ஒரு வாரம் தங்கவிருக்கிறோம். பழைய ரயில் பாதைகளில் பெடல் மிதித்து ஓட்டும் ரயில் பைக்குகள் அங்கே பல ஊர்களில் இருக்கின்றனவாம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எந்த ஊர் பொருந்தும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இணையத்தில் வரும் படங்களைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதை எந்தப் பக்கம் சரிகிறது, முடிந்த இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கு எப்படித் திரும்புவது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால், உங்கள் அக்காவுக்கு ஏற்ற இடம் எது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் நினைவுக்கு வருவது கங்வோன் மாகாணத்தில் உள்ள ஜோங்சோன். மலைகளுக்கு நடுவே நிலக்கரி ஏற்றி வருவதற்காகப் போடப்பட்ட ரயில் பாதையின் கடைக்கோடி நிலையம் குஜோல்-ரி. சுரங்கங்கள் மூடப்பட்டு, ஊர் காலியாகி, 2004-இல் பயணிகள் ரயிலும் நின்றுபோன பிறகு, 2005-இல் அதே தண்டவாளத்தில் ரயில் பைக்குகளை ஓடவிட்டார்கள். குஜோல்-ரியில் இருந்து அவுராஜி வரை 7.2 கிலோமீட்டர். ஓடையை ஒட்டியே செல்லும் பாதை பெரும்பாலும் மெல்லிய இறக்கமாக இருப்பதால், மிதிக்கும் நேரத்தைவிடச் சும்மா உட்கார்ந்து மலையைப் பார்க்கும் நேரமே அதிகம். ஒரு மணி நேரத்துக்குள் கீழே போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து பைக்குகளையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய ரயில் மேலே திரும்புகிறது. இரண்டு ஓடைகள் கூடும் துறையான அவுராஜி, கொரியர்களின் நாட்டுப்பாடலான அரிராங்கின் ஜோங்சோன் வடிவத்தோடு பிணைந்த இடம். அரிராங் 2012-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே அங்கே இறங்கியதும் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடாமல், ஆற்றங்கரையில் அரை மணி நேரமாவது இருங்கள்.

ஒரே குறை தொலைவுதான். சியோலில் இருந்து சாலை வழியாகச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போய்வருவது முதியவர்களுக்குச் சிரமம். ஓர் இரவு தங்கினால் நல்லது.

காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்றால் சுன்சோன் நகரத்துக்கு அருகே உள்ள காங்சோன் ரயில் பூங்காவைப் பாருங்கள். சியோலையும் சுன்சோனையும் இணைக்கும் பாதை 2010 டிசம்பரில் இரட்டைப் பாதையாக, வளைவுகள் நிமிர்த்தப்பட்டுப் புதிய தடத்துக்கு மாறியபோது, ஆற்றோரம் வளைந்து சென்ற பழைய ஒற்றைப் பாதை தனித்து விடப்பட்டது. 2012 முதல் அதில் ரயில் பைக்குகள் ஓடுகின்றன. புறநகர் மின்ரயிலிலேயே போய், கிம் யு-ஜோங் நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1908-இல் பிறந்து, 29 வயதிலேயே மறைந்த எழுத்தாளர் ஒருவரின் பெயர்தான் நிலையத்தின் பெயர். கொரியாவில் ஒரு மனிதரின் பெயர் சூட்டப்பட்ட முதல் ரயில் நிலையம் அது. சுமார் 6 கிலோமீட்டர் மிதித்து, இடையில் இறங்கி, மீதிப் பாதையை ஒரு சிறிய ரயிலில் கடந்து, பிறகு பேருந்தில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். வழியில் வரும் குகைப்பாதைகளில் வண்ண விளக்குகளும் சத்தமான இசையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவை தேவையற்ற ஆரவாரமாகவே படுகின்றன. உங்கள் பேரனுக்கோ அவைதான் பயணமாக இருக்கும். புக்ஹான் ஆறு பக்கத்தில் வரும் பகுதி மட்டும் இரு தரப்புக்கும் பொது.

கடல் பார்க்க வேண்டும் என்றால் கிழக்குக் கரையில் சாம்சோக் இருக்கிறது. பைன் மரங்களுக்கும் கடலுக்கும் இடையே 5.4 கிலோமீட்டர். ஆனால் சியோலில் இருந்து அதுவும் தொலைவு. ஒரு வாரத்தில் மூன்றையும் பார்க்க முயல வேண்டாம். ஓர் இரவு வெளியே தங்க முடிந்தால் ஜோங்சோன், முடியாவிட்டால் காங்சோன் என்பதே என் பரிந்துரை.

கொரியாவில் இருவர் வண்டி, நால்வர் வண்டி என இரண்டு வகைகள் உண்டு. கட்டணம் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. நீங்கள் ஆறு பேர் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்று எடுக்க வேண்டியிருக்கும். நால்வர் வண்டியில் மகன், மருமகள், பேரன், அக்கா ஆகியோரும், இருவர் வண்டியில் நீங்களும் கணவரும் அமர்ந்தால் மிதிக்கும் வலு சரியாகப் பங்கிடப்படும். அக்டோபர் பிற்பாதியில் அந்த மாகாணத்தில் இலைகள் சிவக்கும் காலம். கூட்டம் மிகுதியாக வரும். மகனிடம் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். குகைப்பாதைகளில் குளிர் திடீரென்று தாக்கும். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்வது கட்டாயம். பெடலுக்கும் சங்கிலிக்கும் அருகே தொங்கும் துணி ஆபத்தானது.

கேள்வி: நான்கு பேரைச் சுமந்த இரும்பு வண்டியை இரண்டு பேர் மிதித்து இழுக்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சமதளத்தில் தாராளமாக முடியும். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரம் மிகக் குறைவாகவே நசுங்குவதால், எடையில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்கு விசை இருந்தாலே அது உருண்டுகொண்டிருக்கும். அதாவது ஒரு கிலோ அரிசியைத் தூக்கும் விசைகூடத் தேவையில்லை. தார்ச்சாலையில் காற்றடைத்த டயருக்கு இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும்.

சிக்கல் ஏற்றத்தில்தான். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதே 400 கிலோ வண்டிக்கு அங்கே கூடுதலாக 4 கிலோ விசை வேண்டும். சமதளத்தில் போதுமாக இருந்த விசை ஐந்து ஆறு மடங்காகிவிடும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சரிவில் ஏற ஏறத்தாழ 130 வாட் ஆற்றல் செலவாகும். இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 65 வாட், அதாவது நிதானமாகச் சைக்கிள் ஓட்டும் உழைப்பு. ஒருவர் களைத்து நிறுத்திவிட்டாலோ மற்றவருக்கு மூச்சு வாங்கும். பாதையின் சரிவை முதலில் விசாரியுங்கள் என்று கோவை வாசகிக்குச் சொன்னதன் காரணம் இதுதான். இப்போது பல நாடுகளில் ஏற்றத்தில் உதவ மின்மோட்டார் பொருத்திய வண்டிகளும் வந்துவிட்டன. கலிபோர்னியாவின் போர்ட் பிராக் ஊரில், ரெட்வுட் என்னும் நெடிய மரங்களின் காட்டுக்குள் செல்லும் பழைய ரயில் பாதையில் அப்படிப்பட்ட ரயில் பைக்குகள் ஓடுகின்றன.

கேள்வி: தண்டவாளத்தை விட்டு விலகாத வண்டியில் விபத்துக்கு வாய்ப்பே இல்லை அல்லவா? (வாசகி, மதுரை)

பதில்: திருப்பும் வேலை இல்லை என்பதால் பலரும் அப்படி நினைக்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது முன்னால் போகும் வண்டியைத்தான். சக்கரம் எளிதாக உருள்வதற்கு எந்த வழவழப்பு காரணமோ, அதுவே நிறுத்தும்போது எதிராக நிற்கிறது. இரும்பின் மேல் இரும்புக்குப் பிடிமானம் குறைவு, மழை ஈரமோ உதிர்ந்த இலைகளோ இருந்தால் இன்னும் குறைவு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிதானமாகப் பிரேக் போட்டால், யோசிக்கும் நொடியையும் சேர்த்து 13 மீட்டராவது ஓடித்தான் நிற்கும். முன்வண்டியில் யாராவது படம் எடுக்க வேகத்தைக் குறைத்தால், விலகிச் செல்ல உங்களுக்கு வழி கிடையாது. எனவே நான்கைந்து வண்டி நீளமாவது இடைவெளி விடுங்கள், இறக்கத்தில் அதை இரட்டிப்பாக்குங்கள். பிரேக் கைப்பிடி இருக்கும் இருக்கையில் பெரியவர் ஒருவரே உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: சில வண்டிகளில் எல்லாப் பெடல்களும் ஒரே அச்சில் இணைந்திருக்கும், மற்றவர் மிதிக்கும்போது உங்கள் காலடியில் உள்ளதும் சுழன்றுகொண்டே இருக்கும். அப்படியானால் காலை எடுத்து வைக்கத் தனிப் படி இருக்கிறதா என்று ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. ரயில் பாதையைச் சோதிக்கும் ஊழியர்களுக்காக இத்தகைய வண்டிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பல நாடுகளில் இருந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜார்ஜ் ஷெபீல்டு என்பவர், வேலை முடிந்து வீடு திரும்புவதற்காக மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து, அனுமதியில்லாமல் இரவில் தண்டவாளத்தில் ஓட்டினார் என்றும், ஒரு நாள் உடைந்த தண்டவாளத்தைக் கண்டு ரயிலை நிறுத்தியதால் தண்டனைக்குப் பதில் பாராட்டுப் பெற்றார் என்றும் சொல்வார்கள். 1879-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அது கையால் உந்தும் வண்டி. நம் ஊர்ப் பாதைகளில் பொறியாளர் உட்கார்ந்திருக்க, ஊழியர்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளிச் செல்லும் டிராலியும் இதே குடும்பம்தான்.

கேள்வி: தமிழ்நாட்டில் எத்தனையோ மீட்டர் கேஜ் பாதைகள் மூடப்பட்டன. அவற்றில் ஏன் இதைச் செய்யவில்லை? என் சைக்கிளில் இரும்புச் சக்கரம் பொருத்தி நானே முயன்று பார்க்கலாமா? (கல்லூரி மாணவர், தேனி)

பதில்: உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 முடிவில் மூடப்பட்டது. பழைய தண்டவாளங்களை எடுத்துவிட்டு, பெரும்பாலும் அதே தடத்தில் அகலப்பாதை போட்டார்கள். 2022-இல் தேனிக்கும், 2023-இல் போடிக்கும் ரயில் வந்தது. காங்சோனில் புதிய பாதை வேறு இடத்துக்கு நகர்ந்ததால் பழையது மிஞ்சியது. இங்கே பழையதே புதியதாகிவிட்டதால் சுற்றுலாவுக்கு மிச்சம் எதுவும் இல்லை. ரயில் வந்ததே தேனிக்கு மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கு: கூடவே கூடாது. ரயில்வே பாதையில் அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். உங்கள் ஊர்ப் பாதையில் இப்போது ரயில் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.