ஆறடி ஓவியத்துக்குச் சட்டம் போடும்போது

கேள்வி: என் மகள் 6 அடி உயரமும் 4 அடி அகலமும் கொண்ட தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை 12 மி.மீ. பிளைவுட்டில் வரைந்து முடித்திருக்கிறாள். கண்ணாடியே வேண்டாம் என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் கண்ணாடியைப் படத்தின்மேல் படியவைத்துச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: இருவர் சொன்னதையும் ஏற்க வேண்டாம். தங்கத்தாளின் மேலும் புடைப்பு வேலையின் இடுக்குகளிலும் படியும் தூசியைப் பின்னர் துடைத்தெடுக்க முடியாது என்பதால் மறைப்பு கட்டாயம் தேவை. ஆனால் அது படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், மழைக்காலத்து ஈரத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பதித்த கற்களும் அழுந்திப் பெயரும். சட்டத்தின் காடிக்குள் (படமும் தகடும் உட்காரும் பள்ளம்) சுற்றிலும் மெல்லிய மரச்சட்டம் வைத்து, மிக உயரமாக நிற்கும் கல்லுக்கும் மறைப்புக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். பெரிய தகடு நடுவில் சற்று வளையும் என்பதால் சிறிய படத்துக்கு விடும் இடைவெளி இங்கே போதாது.

அடுத்தது எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரண்டரை கிலோ இருக்கும். உங்கள் படத்தின் பரப்பு ஏறத்தாழ 2.2 சதுர மீட்டர். ஆகவே 4 மி.மீ. கண்ணாடி மட்டுமே 22 கிலோ ஆகிவிடும். அதே அளவு அக்ரிலிக் தகடு, அதாவது கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தகடு, 11 கிலோவுக்குள் அடங்கும், உடைந்து படத்தைக் கிழிக்கவும் செய்யாது. உங்களுக்கு நான் அக்ரிலிக்கையே பரிந்துரைப்பேன். அது எளிதில் கீறல் விழும் பொருள். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் மங்கிவிடும் என்பதால் ஈரமான மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். வெப்பம் 20 டிகிரி கூடினால் ஆறடித் தகடு இரண்டரை மி.மீ. அளவுக்கு நீளும், காடியில் அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் தகடு புடைத்துக்கொள்ளும். கரித்துண்டு, பேஸ்டல் ஓவியங்களுக்கு மட்டும் அக்ரிலிக் ஆகாது, ஏனெனில் அதன் நிலைமின்சாரம் வண்ணத்துகளை இழுத்துவிடும்.

மூலைகளை 45 பாகையில் அறுத்து ஆணி மட்டும் அடித்தால் இவ்வளவு எடைக்குச் சில ஆண்டுகளில் வாய் பிளக்கும். பசையுடன் மூலைக்குக் குறுக்கே மரச்சில்லு செருகி, பின்புறம் இரும்புக் கோணமும் திருகச் சொல்லுங்கள்.

மாட்டுவதற்குக் கம்பியை நம்பாதீர்கள். அது பக்கச் சட்டங்களை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய வீடுகளில் படத்தின் அடிப்பாகத்தைக் கட்டைகளின் மேல் உட்காரவைத்து, மேல்பக்கம் கயிற்றால் பிடித்து முன்னால் சாய்த்திருப்பார்களே, அந்த முறையே பெரிய படத்துக்கு இன்றும் பொருத்தமானது. சுவர் செங்கல்லா, இலேசான காற்றுக்கற்களா (ஏ.ஏ.சி. பிளாக்) என்பதை முதலில் பாருங்கள். பின்னதில் திருகாணிக்காகச் சுவரில் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும்.

நான்கு அங்குலச் சட்டம் போட்டால் படம் 6 அடி 8 அங்குலம், 4 அடி 8 அங்குலம் ஆகிவிடும். கதவில் அதை நிறுத்திவைத்து நுழைத்துவிடலாம். மாடிப்படித் திருப்பத்தில்தான் சிக்கிக்கொள்ளும். அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, முதலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் சட்டத்தை உங்கள் வீட்டிலேயே பூட்டித் தரும் தச்சரைத் தேடுவது நல்லது. மகளின் உழைப்பு ஒரு படிமுனையில் உரசிப் பாழாகக் கூடாது.

கேள்வி: 8 அடிக்கு 5 அடி கலம்காரித் துணி ஓவியத்துக்கும் இப்படிச் சட்டம் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் தகடு 8 அடிக்கு 4 அடி. உங்கள் படத்துக்கு நடுவே ஒட்டுப் போட நேரும். துணியின் பின்பக்கம் மேல்விளிம்பு நெடுகப் பருத்தித் துணியால் ஓர் உறை தைத்து, அதில் வழவழப்பான மரக்கோலைச் செருகித் தொங்கவிடுங்கள். எடை மேல்விளிம்பு முழுவதும் சமமாகப் பரவும். இயற்கைச் சாயம் வெயிலில் வெளிறும் என்பதால் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.