போர்க்காலத்தில் பெண்களைப் பாலியல் வன்முறையிலிருந்து பாதுகாப்பது என்றால் என்ன?

ஆயுதம் வைத்திருப்பவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காமல் செய்வது. மீறினால் அவனையும், தெரிந்தும் தடுக்காத மேலதிகாரியையும் பதில் சொல்ல வைப்பது. சட்டம் புதிதல்ல: 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையே இதைத் தடை செய்தது. 2008இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1820ஆம் தீர்மானம், இது போர்க்குற்றமாகலாம் என்றது.

அப்படியென்றால் ஏன் நடக்கிறது? ஒரு பக்கம் துவக்கு, மறுபக்கம் கேட்க ஆளில்லாத சனம். 2009இல் இலங்கைப் போரில் இடம்பெயர்ந்த வன்னிச் சனம் வவுனியா செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் அகதி முகாமில் அடைபட்டிருந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நினைத்தபடி வெளியே போக முடியாது. சரியான மறைப்பில்லாமல் குளிக்கவேண்டும். காவலும் இராணுவம்தான், முறைப்பாட்டை யாரிடம் சொல்வது? இப்படியான இடத்தில் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி, வழியில் விளக்கு, தமிழ் பேசும் பெண் பொலிஸ் எல்லாம் சின்ன விஷயமில்லை. என்னைக் கேட்டால், தீர்மானங்களைவிட இவைதான் முதலில் வேண்டும். வயலுக்குள் யானை இறங்கியபிறகு வெடி கொளுத்துவதும், விதைத்த கையோடு வேலி போட்டுக் காவல் கொட்டில் கட்டுவதும் ஒன்றா?

தடுக்க முடியாமல் போனால் வைத்தியம் முந்தவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும்.

அப்புறம், சண்டை ஓய்ந்தால் ஆபத்தும் ஓய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகும் வன்னியில் பெண்கள் தனித்து நடத்திய வீடுகளும் அருகிலேயே இராணுவ முகாம்களும் இருந்தன, பயமும் இருந்தது.