கொட்டகைக்குள் நோய் எப்படி நுழைகிறது? கேட்டவர்களுக்குப் பதில்

கே: புது மாடு வாங்கியிருக்கிறேன், பார்க்க நல்லாத்தான் இருக்கு. மற்ற மாடுகளோடு கட்டலாமா?

ப: வேண்டாம். கோமாரி, அதாவது வாயிலும் காலிலும் புண் வரும் நோய், தொற்றி 2 முதல் 14 நாள் வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அதற்குள் அந்த மாடு வாய் வைத்த தொட்டியில் உங்கள் பழைய மாடு தண்ணீர் குடித்திருக்கும். குறைந்தது 21 நாள், முடிந்தால் 30 நாள் தள்ளிக் கட்டுங்கள். தனி வாளி, தனிக் கயிறு. அங்கிருந்து மூத்திரமும் கழுவிய தண்ணீரும் இந்தப் பக்கம் வடியக் கூடாது. கன்றுவீச்சு நோய் (சினை கலைய வைக்கும் புரூசெல்லோசிஸ்), காசநோய், மடிநோய்ச் சோதனைகளை இந்த நாட்களிலேயே முடித்துவிடலாம். அப்புறம், தினமும் பழைய மாடுகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும்.

கே: வாசலில் மருந்துத் தொட்டி வைத்திருக்கிறேன், போதும்தானே சார்?

ப: பாதித் தொட்டிகள் கண்துடைப்புத்தான், கோபப்படாதீர்கள். சாணி ஒட்டிய பூட்ஸை முக்கினால் மருந்தின் வீரியம் சாணியோடு போய்விடும். நன்றாகக் கழுவியதாக நினைத்த என் பூட்ஸை ஒருநாள் திருப்பி, அடிக்கோடுகளைக் குச்சியால் நோண்டிப் பார்த்தேன், அரைக் கைப்பிடி சாணி வந்தது. முதலில் தண்ணீரும் பிரஷும், பிறகுதான் மருந்து. கோமாரிக் கிருமிக்குச் சலவைச் சோடாவே கேட்கும், 10 லிட்டருக்கு 400 கிராம். கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வருகிறவர்களுக்குப் பண்ணைச் செருப்பைக் கொடுத்து, அவர்களுடையதை வெளியே விடச் சொல்வது இதைவிட மேல்.

கே: மடிநோய் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது.

ப: எல்லா மடிக்கும் ஒரே துணியா? அதுதான் தாவுகிறது. நல்ல மாடுகளை முதலில் கறந்து, நோய் கண்டதைக் கடைசியில் கறங்கள். முதல் பீச்சைத் தரையில் விடாமல் கறுப்புக் கிண்ணத்தில் பிடித்தால் பால் திரிந்திருப்பது தெரியும். கறந்ததும் காம்பை அயோடினில் முக்கி, உடனே தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்காமல் நிற்க வேண்டும்.

கே: மாடு 7ஆம் மாதத்தில் கன்று வீசிவிட்டது அண்ணா. நஞ்சுக்கொடியை என்ன செய்வது?

ப: வெறுங்கையால் தொடாதீர்கள். கன்றுவீச்சுக் கிருமி மனிதரையும் பிடிக்கும். கையுறை போட்டு, கன்றையும் கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கர்ப்பிணிகளைக் கிட்டே விடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். மாட்டைத் தனியாகக் கட்டி, இன்றைக்கே மருத்துவரை அழைத்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.