ஜம்ப் ஸ்குவாட்: இறங்கும்போது முட்டி உள்ளே மடங்கினால்

ஜம்ப் ஸ்குவாட் (முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து மேலே குதிக்கும் பயிற்சி) 20 வீதம் 3 செட் செய்கிறேன், இறங்கும்போது முட்டி உள்ளே மடங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள். 20 வீதம் 3 செட் வேண்டாம். 5 வீதம் 3 செட், நடுவில் 90 வினாடி ஓய்வு. எட்டாவது குதிப்புக்கு மேல்தான் முட்டி உள்ளே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் பிட்டத் தசை களைத்துவிட்டது. முட்டியை வெளிப்பக்கமாகப் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இறங்கும்போது முன்பாதம் முதலில், உடனே குதிகால். அதே நொடியில் இடுப்பு பின்னால் போய் முட்டி மடங்க வேண்டும். 'தொப்'பென்று சத்தம் கேட்டால் காலை விறைப்பாக வைத்து இறங்குகிறீர்கள். முட்டி காலின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் 2 வினாடி அப்படியே நின்று, பிறகு அடுத்த குதிப்பு. உயரம் இப்போதைக்கு முக்கியமில்லை.

சோதிக்க: போனை முட்டி உயரத்தில் எதிரே வைத்து வீடியோ எடுங்கள். முதலில் குதிக்காமல், மெதுவாக 10 ஸ்குவாட். அதிலேயே முட்டி சாய்ந்தால் குதிப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள்.

முட்டியில் வலியோ வீக்கமோ இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். வெறும் சிமெண்ட் தரையில் சாக்ஸோடு குதிக்காதீர்கள், வழுக்கும்.