படுதாவுக்கு வெளியே ஒரு செருமல்

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க சூப்பர்வைசர் முன்னால் சிரித்த முகமாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் அப்படியே பேசுகிறேன். என் கணவரோ, "மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு. நீ நாடகக்காரி" என்கிறார். நான் போலியான பெண்ணா அம்மா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: "நாடகக்காரி" என்ற சொல்லை முப்பது வருஷம் காதில் வாங்கியவள் நான். அதனால்தான் உன் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகத்தில் நான் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். இந்த நாடகத்துக்குக் கம்பெனி இல்லை, சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் இல்லை. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் யாரென்று அன்றைக்கு ராத்திரிதான் தெரியும். பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிகிற வரைக்கும் வள்ளி திருமணம் போகும். அதுவரை முகம் பார்த்திராத ஒரு மனிதரோடு வள்ளியும் முருகனுமாக நின்றிருக்கிறேன். அவர்மேல் எனக்குக் காதல் கிடையாது. ஆனால் வள்ளியும் முருகனும் மாறி மாறி வாதாடும் தர்க்கத்தில் அவருக்கு ஒரு வரி மறந்துவிட்டால், ஜனத்துக்குத் தெரியாமல் என் கேள்விக்குள்ளேயே அதை வைத்து எடுத்துக் கொடுப்பேன். தொண்டை கட்டியிருந்தால் அவருடைய பாட்டையும் சேர்த்து நான் இழுத்துப் பாடுவேன். அந்தக் கவனத்தில் பொய் இருந்ததில்லை. மாமியாரிடம் நீ சிரிப்பது இந்தக் கவனம்தான் தங்கச்சி. எரிச்சலை முழுங்கிக்கொண்டு ஒரு வயசான மனுஷிக்கு நல்ல வார்த்தை சொல்வதை உன் வீட்டுக்காரர் போலித்தனம் என்றால், அவர் சொல்லைத் தப்பாக எடுத்துவிட்டார்.

சிலப்பதிகாரத்தில் கானல்வரி என்று ஒரு பகுதி உண்டு. மேடையில் மாதவியாகப் பலமுறை நின்ற பிறகுதான் அதை நான் வாசித்தேன். புகார்க் கடற்கரையில் கோவலன் வேறொருத்தியை நினைப்பவன்போல ஒரு பாட்டைப் பாடுகிறான். பதிலுக்கு யாழை வாங்கி மாதவியும் பாடுகிறாள். "தானும் ஓர் குறிப்பினள் போல்" என்று எழுதுகிறார் இளங்கோ. 'போல்' என்றுதான் எழுதியிருக்கிறார். ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்டவள், அவன் எடுத்த பாட்டுக்கு எதிர்ப்பாட்டு எடுத்தாள். கோவலனோ அவள் மனசே அதுதான் என்று முடிவு கட்டி, மாயப்பொய் பல கூட்டுகிறவள் என்று சொல்லி எழுந்து போய்விட்டான். அவன் பாடியதும் பாட்டுதானே? "உன் மனசில் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். உன் கணவரும் உன்னிடம் கேட்கவில்லை, தீர்ப்பு மட்டும் சொல்கிறார்.

ஆனாலும் உன் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி வேறு. "வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் அப்படியே பேசுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி 1983-இல் எழுதியதை என் மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். மூட்டை தூக்குவது போலச் சிரிப்பும் ஓர் உழைப்பு, அதையும் சேர்த்துத்தான் கம்பெனி சம்பளம் கொடுத்து வாங்குகிறது என்கிறார் அந்த அம்மா. பயணம் முடிந்த பிறகும் அந்த உற்சாகம் உடம்பிலிருந்து இறங்க மறுக்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னார்களாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். விடியற்காலையில் நாடகம் முடிந்ததும் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அரிதாரத்தைத் துடைப்போம். இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் யாரும் யாரிடமும் பேச மாட்டோம், யாருடைய முகத்திலும் எந்த பாவமும் இருக்காது. உனக்கு அந்த இருபது நிமிஷம் இல்லை. கம்பெனியிலிருந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போ. சிரிக்காத முகத்தோடு உட்காரு. "இது கோபம் இல்லை, முகம் கழுவுகிற நேரம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ. ஒரு மாசம் கழித்து எனக்கு எழுது.

கேள்வி: நாங்கள் டிக்கெட் வாங்கியதால்தான் அவர் நட்சத்திரம். அவரும் மனைவியும் ஏன் பிரிகிறார்கள் என்று ரசிகன் தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.
— கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: உன் வருத்தம் நிஜம் தம்பி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பத்து வருஷமாகப் பார்த்த முகம், சொந்தக்காரர் முகம் மாதிரி ஆகிவிடும். ஆனால் டிக்கெட் காசு அவர் நடிப்புக்கு. அவர் வீட்டுக் கதவுக்கு நீ காசு கொடுக்கவில்லை.

உன் வயசுப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அது நின்றதும் 'இந்து நேசன்'. நடிகர் நடிகைகளின் படுக்கையறையை எட்டிப் பார்த்து எழுதுவதுதான் அதன் சரக்கு. தங்களைப் பற்றி எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்த தீபாவளிக்குத்தான் பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்திருந்தது. பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்டது, படத்தின் நாயகன் ஜெயிலில் இருந்தார். அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய்த் திரும்பி, 1947-இல்தான் இருவரும் விடுதலையானார்கள். அதற்குப் பிறகு பாகவதரால் பழைய இடத்துக்கு வர முடியவில்லை. யார் குத்தினார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை.

பாகவதரும் கிருஷ்ணனும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள். எங்கள் ஆட்கள். அதனால் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு அடைக்கிறது. எழுதியவர் போனார், எழுதப்பட்டவர்கள் சீரழிந்தார்கள். காசு கொடுத்து வாசித்தவர்கள் பேர் மட்டும் எந்தக் கோர்ட்டிலும் வரவில்லை.

சட்டமும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுப் பதிவுகளில் இருப்பதை எழுதலாம், எழுதும் முன்பே அரசு தடுக்க முடியாது என்றது. கூடவே, ஒருவரின் குடும்பம், கல்யாணம், தாய்மை இவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது என்றும் சொன்னது. எழுதுவது உண்மையாக இருந்தாலும் சரி, புகழ்ச்சியாக இருந்தாலும் சரி. 'உண்மையைத்தானே சொல்கிறோம்' என்று யாரும் தப்பிக்க முடியாது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள். தானாக முன்வந்து சர்ச்சையில் இறங்கியவரின் நிலைமை வேறு என்பதையும் அந்த 1994 தீர்ப்பு சொல்கிறது. அது நியாயம். படம் ஓடுவதற்காகத் தன் காதலையே பேட்டிகளில் விற்ற நடிகர், பிறகு "கேட்காதே" என்றால் அதில் எனக்கும் வருத்தம் உண்டு. நட்சத்திரம் ஒருவர் தன்னிடம் வேலை பார்த்தவருக்குக் கூலி கொடுக்கவில்லை என்றால் கேள், சத்தமாகவே கேள். அவர் மனைவி ஏன் போனாள் என்று கேட்காதே. அந்தப் பெண் உன்னிடம் டிக்கெட் விற்கவில்லை.

கேள்வி: என் நான்கு வயது மகள் அடம் பிடித்து அழும் வீடியோக்களை நிறையப் பேர் பார்க்கிறார்கள். ரசிக்கத்தானே செய்கிறார்கள்?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: வேஷம் போடச் சம்மதமா என்று அந்தக் குழந்தையிடம் யார் கேட்டது? நாடகத்தில் கிளிசரின் போடாமல் அழுதவள் நான். அந்த அழுகையை எடுப்பதும் நிறுத்துவதும் என் கையில் இருந்தது. அவள் அழும்போது போனைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குங்கள். ஏற்கெனவே போட்டதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடுகிறாள். பாடி முடித்ததும் செல்ஃபி எடுக்கத் தோளில் கை போடுகிறார்கள். "வேண்டாம்" என்றால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டோம் என்கிறார் அமைப்பாளர். கலைஞர்கள் எல்லை போட்டால் பிழைக்க முடியுமா?
— ஒரு தந்தை, கரூர்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கொடுமுடியில் பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடியாக நின்று அவர் பாடியதைத்தான் எங்கள் மேடை இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறது. 1933-இல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். அந்த அம்மாவுக்கு 25 வயது. வெள்ளைப் புடவை கட்டினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்றார். விதவைக்கு அன்று ஊர் விதித்த கட்டளையும் அந்த வெள்ளையில் இருந்தது, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் ஜோடி வேண்டாம் என்பது அவர் தானே போட்ட கோடு. நந்தனாராக நடிக்கக் கூப்பிட்டார்கள். ஆண் வேஷம், ஜோடி இல்லை. 1 லட்சம் ரூபாய் கேட்டார். கொடுத்தார்கள். 1935-இல் படம் வந்தது. 1953-இல் ஔவையார். கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டே அவர் அத்தனை உயரம் போனார்.

எல்லாருக்கும் அந்தக் குரல் கிடையாது, தெரியும். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு சமயம் நாடக நோட்டீஸில் என் போட்டோவோடு வீட்டு போன் நம்பரையும் அச்சடித்துவிட்டார்கள். நடு ராத்திரியில் "வள்ளி இருக்காங்களா?" என்று கேட்டுப் போன் வரும். அதற்குப் பிறகு தேதி கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொன்னேன்: என் நம்பர் போடக்கூடாது, ஒப்பனை செய்யும் இடத்துக்குப் படுதா கட்ட வேண்டும், அன்பளிப்பு ரூபாய் நோட்டை யாரும் என் உடம்பில் குத்தக்கூடாது, ஆர்மோனியப் பெட்டிமேல் வைக்கட்டும். அந்த சீசனில் ஏழெட்டு நாடகம் போனது. வயிற்றைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அடுத்த சீசனில் இரண்டு ஸ்திரீபார்ட்டுகள் வந்து "அக்கா, நாங்களும் அதையே சொல்கிறோம்" என்றார்கள். அப்புறம் எங்கள் வட்டாரத்தில் படுதா தானாக வந்தது. உங்கள் மகளைத் தனியாக மறுக்க விடாதீர்கள். கூடப் பாடும் பெண்களோடு சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்காருங்கள்.

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். என் போனின் பாஸ்வேர்டைக் கேட்கிறார் அவர். "அன்பு இருந்தால் மறைக்க என்ன இருக்கிறது?" என்கிறார். என் தோழி அவள் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் எனக்குத்தான் எழுதுவாள். கொடுக்கவா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதே மகளே. அந்தப் போனில் இருப்பது உன் ரகசியம் மட்டுமில்லை, அந்தத் தோழி உன்னிடம் நம்பி வைத்ததும்தான். அதைத் தூக்கிக் கொடுக்க உனக்கே உரிமை கிடையாது. அவரிடம் இதை அப்படியே சொல்.

வள்ளி என்ன செய்கிறாள், யோசித்துப் பார். தினைப்புனத்தில் வேடனாக வந்து ஒருவன் இனிக்க இனிக்கப் பேசுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். இரண்டு மணி நேரம் பாட்டாலும் தர்க்கத்தாலும் மாட்டேன் என்றே சொல்வாள். ராத்திரி முழுக்க அந்த "மாட்டேன்" சொல்லிவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்தால் என் தேதி டைரி என் கையில் இருக்காது. வீட்டில் மூத்தவர் ஒருவர் வைத்திருந்தார். எந்த ஊருக்குப் போவது, யாரோடு நடிப்பது, சம்பளத்தில் எனக்கு எவ்வளவு, எல்லாம் அவர் முடிவு. "உன்மேல இருக்கிற பாசத்துலதான்" என்பார். பத்து வருஷம் அந்தச் சொல்லை நம்பினேன். மேடையில் அத்தனை சரளமாக வந்த வார்த்தை வீட்டில் ஒரு தடவை வாயிலிருந்து வர எனக்கு முப்பத்திரண்டு வயசு ஆனது. உனக்கு அத்தனை நாள் ஆகக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

என் கணவர் மிருதங்கக்காரர். கல்யாணத்துக்கு முன்பே பல நாடகங்களில் எனக்கு வாசித்தவர். நான் ஒப்பனை போடும்போது ஏதாவது கேட்க வேண்டுமானால், படுதாவுக்கு வெளியே நின்று ஒரு தடவை செருமுவார். நான் "வாங்க" என்றால்தான் படுதாவைத் தூக்குவார். "இருங்க" என்றால் அங்கேயே நிற்பார், முகம் சுளிக்க மாட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கடிதங்களை வாசிக்கும்போது, காப்பியோடு வந்து இப்போதும் வெளியே நின்று செருமுகிறார்.

தைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. "மாட்டேன்" என்று ஒரு தடவை அவரிடம் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்.