தோல் தைக்க முதல் இயந்திரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்கிறோம். நான்கு ஆண்டுகளாக நான் அந்தப் பாயில் கைப்பை செய்து, தோலில் பிடியும் மூடியும் வைத்து, எல்லாவற்றையும் கையாலேயே தைத்து விற்று வருகிறேன். நாளொன்றுக்கு இரண்டு பைகளுக்கு மேல் முடிவதில்லை. திருநெல்வேலியில் ஒரு கடையில், ஆயத்த ஆடைக்கூடங்களில் ஓடும் பவர் மெஷினைக் காட்டி, பெரிய ஊசி போட்டால் தோலையும் தைக்கும் என்கிறார்கள். விலையும் என் கைக்கு எட்டுவதாகவே இருக்கிறது. வாங்கலாமா?
வாசகி, பத்தமடை

பதில்: வேண்டாம், சகோதரி. அந்த இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடி மெல்லிய துணியை இணைப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. அதில் துணியை நகர்த்துவது அடியில் உள்ள பல் மட்டுமே. மேலே உள்ள பாதம் அசையாமல் அழுத்திக்கொண்டு நிற்கும். துணி வழுக்கிக்கொண்டு போய்விடும். தோலோ பாதத்தின் அடிப்பரப்பைப் பற்றிக்கொள்வதால், அடித்தோல் பல்லோடு நகர, மேல்தோல் பின்தங்கி, பிடியின் மறுமுனைக்கு வரும்போது இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அழுத்தத்தைக் கூட்டினால் பல்லின் தடம் அடித்தோலில் பதியும். நம் பக்கத்தில் பை வேலைக்குப் பலரும் விரும்பி வாங்கும் தாவரப் பதத் தோல், அதாவது மரப்பட்டை போன்றவற்றின் சாற்றில் பதப்படுத்திய தோல், எந்த அழுத்தத்தையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த இயல்பை நம்பித்தான் அதில் பூவேலை பதிக்கிறோம். அதே இயல்புதான் பல் தடத்தையும் அழியாமல் காக்கிறது.

தொழில் தொடங்கிய காலத்தில் நானும் ஒரு கடைக்காரர் சொல்லை நம்பி அப்படிப்பட்ட இயந்திரத்தையே வாங்கினேன். முதல் வாரத்தில், வெட்டி வைத்திருந்த 12 பிடிகளில் ஒன்பது வீணாயின. துணியில் தையல் கோணினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை மூடுவதே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் அந்தப் பிடிகள்தான் நினைவுக்கு வந்தன. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது, அடிப்பல், ஊசி, பாதம் ஆகிய மூன்றும் ஒன்றாக நகரும் இயந்திரம். கடைகளில் இதை ‘வாக்கிங் ஃபுட்’ என்பார்கள். பாதம் மட்டும் நடந்து ஊசி நகராத இயந்திரத்துக்கும் இதே பெயரைச் சொல்வதுண்டு என்பதால், ‘கம்பவுண்ட் ஃபீட்’ என்றே கேளுங்கள். இதில் ஊசி தோலுக்குள் இறங்கி நிற்கும்போதே மூன்றும் சேர்ந்து ஒரு தையல் தூரம் நகர்வதால், மேல்தோலும் அடித்தோலும் விலகுவதற்கு வழியில்லை. ஜூக்கி நிறுவனத்தின் டிஎன்யூ-1541 இவ்வகையைச் சேர்ந்தது. அதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 2,500 தையல். தையல் நீளத்தை 9 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். முழங்கால் நெம்புகோலை அழுத்தினால் பாதம் 16 மில்லிமீட்டர் வரை உயரும். வேகம் குறைவாக இருக்கிறதே என்று எண்ண வேண்டாம், நம் வேலைக்கு அந்த வேகத்தில் பாதிகூடத் தேவைப்படாது. இதே அமைப்பில் வேறு நிறுவனங்களும் இயந்திரம் செய்கின்றன. விலை ஆடைக்கூட இயந்திரத்தைவிடக் கணிசமாகக் கூடுதல்தான். ஆனால் கூடக் கொடுக்கும் பணம் அந்த மூன்று அசைவுகளுக்கான விலை.

அடுத்தது மோட்டார். கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து ஓயாமல் சுழலும்; மிதியைத் தொட்டவுடன் இயந்திரம் பாய்ந்துவிடும். முதன்முதலாகப் பழகுகிறவர் சர்வோ மோட்டாரையே கேட்க வேண்டும். அது மிதித்தால் மட்டும் ஓடும், ஒவ்வொரு தையலாகவும் வைக்க விடும், மின்சாரமும் மிச்சமாகும். மிக மெதுவாக ஓட்டும்போது சில சர்வோ மோட்டார்களுக்குத் தடித்த தோலைக் குத்தும் வலு குறையும். அப்போது மோட்டாரில் சிறிய புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) மாட்டித் தரச் சொல்லுங்கள். பழைய மோட்டார் எதையாவது தள்ளிவிடப் பார்த்தால், அதன் தகட்டில் மும்முனை மின்சாரம் என்று இருக்கிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு இணைப்பு ஒருமுனை 230 வோல்ட்டாகத்தான் இருக்கும்.

இயந்திரத்தின் படுக்கை, அதாவது தைக்கும்போது பொருள் படியும் தளம், மட்டமானதா, உருளையானதா என்ற கேள்வியும் எழும். உங்கள் பையில் பிடியையும் மூடியையும் பாய் விரிந்திருக்கும்போதே தைத்துவிட்டுப் பிறகு பக்கங்களை மூடலாம் என்பதால், மட்டப் படுக்கையே போதும்.

ஊசியும் நூலும் தனிப் பாடம். தோலுக்கு மட்டும் என்றால் வெட்டு முனை கொண்ட 135×16 ஊசி. பாயும் சேரும் இடத்தில் சாதாரண முனை கொண்ட 135×17. வெட்டு முனை பாயின் பாவு நூலை அறுத்துவிடக்கூடும். நூல், இழை பிரியாமல் ஒட்டிய ‘பாண்டட்’ நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். வெயிலில் அலையும் பைக்குப் பாலியெஸ்டர் நெடுநாள் தாங்கும். நூலின் பருமனைக் குறிக்கும் டிக்கெட் எண் கூடினால் நூல் மெல்லியது: மூடிக்கு 40ஆம் எண் நூலும் 110 அளவு ஊசியும், பிடிக்கு 20ஆம் எண் நூலும் 140 அளவு ஊசியும் பொருந்தும். நெருக்கமான தையல் உறுதி என்பது துணிக்குச் சரி. பாயிலும் தோலிலும் அது அஞ்சல்தலை ஓரம்போல் துளை வரிசை போட்டுக் கிழிசலுக்கு வழி செய்யும். 4 மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் தோலையும் பாயையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் ரெக்சின் துண்டில் எந்த இயந்திரமும் அழகாகத் தைக்கும். ஒற்றைத் தோலில் தொடங்கி, இரண்டு தோலும் நடுவே பாயும் சேரும் மேட்டில் ஏறி, மறுபடி இறங்கித் தைத்துப் பாருங்கள்; ஏறும் இடத்தில் தையல் குறுகக் கூடாது, அடியில் நூல் முடிச்சு வெளியே தெரியக் கூடாது. ஊசியும், அதன் நூலைப் பிடிக்கும் அடிக் கொக்கியான ஹூக்கும் சந்திக்கும் டைமிங் தவறினால் சரிசெய்ய வருகிறவர் யார் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊசித் தட்டு துருப்பிடிக்க விடாதீர்கள். தாவரப் பதத் தோலில் ஈரமும் இரும்பும் பட்டால் கறுத்துவிடும், அந்தக் கறை எளிதில் போகாது.

பணத்துக்கு ஒரு வழி: 2023 செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பாய் முடைதலும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாயும், 5 விழுக்காடு வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் கிடைக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உரியது. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும்; தமிழ்நாட்டில் இத்திட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்பதை முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் தம் பழைய சிங்கர் 29 இயந்திரத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். பணப்பையும் பெல்ட்டும் செய்ய அது போதுமா?
வாசகர், மேலப்பாளையம்

பதில்: அது பழுது பார்ப்பதற்கென்று பிறந்த அருமையான இயந்திரம். மேலிருந்து பாதமே தோலை இழுக்கும். அந்தப் பாதத்தை எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்பதால் செருப்பின் உள்மூலைக்கும் போய்த் தைக்கும். ஆனால் பாதத்தின் பல் தோலின் முகத்திலேயே தடம் பதிக்கும், பாபின் சிறியதாகையால் நீளமான பெல்ட்டில் அடிக்கடி நூல் தீரும், தேய்ந்த இயந்திரத்தில் தையல் நீளமும் சீராக வராது. பணப்பையின் நேர்த்தி தையல் வரிசையில்தான் இருக்கிறது என்பதால், முதல் இயந்திரமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னாளில் பழுது வேலையும் எடுக்கும் எண்ணம் இருந்தால் வாங்கி வையுங்கள். வாங்குமுன், கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாதத்தை நான்கு திசையிலும் திருப்பித் தைத்துப் பார்த்து, நான்கிலும் தையல் நீளம் ஒன்றாக வருகிறதா என்பதை அளவுகோல் வைத்துப் பாருங்கள்.