நிறவரைபடத்தை இங்க்ஸ்கேப்பில் திருத்தும்படி சேமிப்பது எப்படி?

பினாங்குத் தீவின் வெப்பநிலையைப் பைத்தானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் வரைந்து, கோடும் வடிவமுமாகப் பதியும் (வெக்டர்) எஸ்விஜி கோப்பாகச் சேமித்தேன், வெக்டர் படங்களைத் திருத்தும் இங்க்ஸ்கேப்பில் திறந்தால் கணினி உறைந்துவிடுகிறது, ஒரு நிறத்தைக்கூட மாற்ற முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டம் கட்டமாக நிறமிடும் பீகலர்மெஷ் கட்டளையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் ஒவ்வொரு கட்டமும் தனிப் பலகோணம். 300க்கு 300 கட்டம் என்றால் 90,000 பலகோணம். இங்க்ஸ்கேப் திணறத்தான் செய்யும். இம்ஷோ என்ற கட்டளைக்கு மாறச் சொல்வார்கள். திணறல் நிற்கும், ஆனால் உள்ளே இருப்பது வெறும் பிட்மேப், அதாவது புள்ளிகளாலான படம். திருத்த ஒன்றும் இருக்காது.

மதிப்புகளைப் பட்டைகளாகப் பிரித்து நிறமிடும் கன்டூர்எஃப் கட்டளையைப் போடுங்கள். 24 முதல் 36 டிகிரி வரை ஒரு டிகிரிக்கு ஒன்றாக 13 எல்லைகள் கொடுத்தால் 12 பட்டைகள் வரும். எல்லைக்கு வெளியே உள்ள மதிப்புகள் வெள்ளையாக விடுபடும். அதே கட்டளையில் எக்ஸ்டெண்ட் என்ற அமைப்பை 'போத்' என்று வைத்தால் அந்த ஓட்டை அடைபடும். மேட்பிளாட்லிப் 3.8 பதிப்பிலிருந்து ஒரு பட்டைக்கு ஒரே பாதை (வடிவம்). இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் குழுவைப் பிரிக்காமலேயே அந்தப் பட்டை தேர்வாகும், நிறத்தை மாற்றலாம்.

பட்டைகளுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரியும். தரவில் பிழை இல்லை. அடுத்தடுத்த இரண்டு வடிவங்களின் விளிம்பையும் மென்பொருள் தனித்தனியாக மழுப்புவதால் பின்னணி கசிகிறது. விளிம்பு நிறத்தை 'ஃபேஸ்' (உள்நிறமே) என்று வையுங்கள், எந்த நிறம் எந்த வெப்பநிலை என்று காட்டும் நிற அளவுகோலுக்கும் சேர்த்து. ஆல்ஃபா (ஒளி ஊடுருவும் அளவு) கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அதே இடத்தில் கருங்கோடு விழும்.

பட்டையாக வெட்டினால் நுணுக்கம் போய்விடுமே என்று யாராவது வாதாடுவார்கள். நிறத்தைப் பார்த்து 31.2-ஐயும் 31.4-ஐயும் பிரித்துச் சொல்பவர் யார்? தொடர் நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் பீகலர்மெஷ்ஷுக்கு மட்டும் ராஸ்டரைஸ்ட் (பிட்மேப்பாக்கும் அமைப்பு) போட்டு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள். அச்சுகள், எழுத்து, கரையோரக் கோடு எல்லாம் வெக்டராகவே நிற்கும்.

நீங்கள் வரைவது மேட்லாப் மென்பொருளில் என்றால், 2020ஏ பதிப்பில் வந்த எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் கட்டளையில் 'கன்டென்ட்டைப்' என்ற அமைப்பை 'வெக்டர்' என்று வையுங்கள். அதைச் சொல்லாவிட்டால் கனமான படத்தைத் தானாகவே பிட்மேப்பாக்கிப் பிடிஎஃப்-க்குள் வைத்துவிடும். 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

கேட்காததையும் சொல்கிறேன். தமிழ் எழுத்து உடைகிறது, இடப்பெயர்களை ஆங்கிலத்திலேயே போட்டுவிடு என்று மாணவர்களிடம் சொல்கிறார்கள். எனக்கு ஆறவே ஆறாது. மேட்பிளாட்லிப்பின் 3.10 வரையான பதிப்புகளில் 'கொம்தார்' (பினாங்கின் கோபுரக் கட்டடம்) என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், எழுத்துகளைச் சேர்த்தமைக்க அதற்குத் தெரியாததால். 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்ற மேட்பிளாட்லிப் அமைப்பை 'நன்' ஆக்குங்கள். எழுத்து வடிவமாக உறையாமல் எழுத்தாகவே போகும், இங்க்ஸ்கேப் அதைச் சரியாக அமைக்கும். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடுங்கள். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழே இல்லை. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்தைப் பாதையாக மாற்றுங்கள், அங்கே அந்த எழுத்துரு இருக்காது. மூல எஸ்விஜி-யைத் தொடாமல் வையுங்கள்.